உடுக்கடிக்க ஓர் ஆள்

நல்ல டிரம்மர் கிடைக்கவில்லை என்று நீங்கள் எல்லாரும் சேர்ந்து வந்து என் முன்னால் மூக்கைச் சிந்தினீர்களே, அன்றைக்குச் சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வில்லுப்பாட்டுக்குக் கீபோர்டு வந்தாயிற்று. ஆளுக்கொரு மைக் வந்தாயிற்று. விரலால் தொட்டாலே இடி முழக்குகிற டிரம் பேடும் வாங்கியாயிற்று. அதைத் தொடுகிற விரல் மட்டும் அமையவில்லை. ஒருவன் கோயில் கொடைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கல்யாண மண்டபத்துக்குப் போய்விடுகிறான். இன்னொருவன் வந்து சேருகிறான், ஆனால் பாட்டு முடிந்த பிறகும் அவன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கிறான். சந்தோஷம் மக்களே. நாங்கள் அழுத அழுகையில் உங்களுக்கும் கொஞ்சம் பங்கு கிடைத்திருக்கிறது.

நான் பின்னாளில் வில்லடித்து அண்ணாவி என்று பெயர் வாங்கியவன்தான். ஆனாலும் தொழில் கற்றது குடத்தில். வில்லுக்கு நடுவே பாடி நடத்துகிற அண்ணாவி, அவருக்கு இடப்பக்கம் குடம், வலப்பக்கம் உடுக்கை என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் உங்களில் ஒருவன் போன கொடையில் குடத்தின் மேல் செல்போனை வைத்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன். வில் சொன்னதைக் குடம் கேட்க வேண்டும். குடம் சொன்னதை ஜால்ரா கேட்க வேண்டும். உடுக்கை யார் சொன்னதையும் கேட்காது. அதனால்தான் உடுக்கைக்காரனுக்கு அன்றும் இன்றும் இவ்வளவு கிராக்கி.

நாங்கள் திருவிதாங்கூர்–கொச்சிக்காரர்களாக இருந்த காலம். எங்களுக்கு அருமையான ஓர் உடுக்கைக்காரர் இருந்தார். அவருக்கு மணவாளக்குறிச்சி மணல் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. சங்கு ஊதினால் உள்ளே போக வேண்டும், மறுபடி ஊதினால் வெளியே வர வேண்டும். கொடைக்கு லீவு கேட்டால் என்ன சொல்வார்களோ என்று அவருக்குப் பயம். நாங்கள் கெஞ்சிப் பார்க்க வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி வாசலிலேயே நின்று, "இனியாவது அவரு ராத்திரி வீட்டுல கெடந்து ஒறங்கட்டு. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். கும்பிட்டவளிடம் என்ன பேச? திரும்பி வந்துவிட்டோம்.

அந்த வருஷம் சமாளிப்புக்கு எங்கள் அப்போதைய அண்ணாவி தன் மச்சினனைக் கூட்டி வந்தார். எங்கள் தொழிலில் எல்லாரும் செய்கிற தப்பு இது. மச்சினனிடம் உடுக்கை இருந்தது. அதை அடிக்கத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. தோவாளைப் பக்கம் ஒரு மாடன் கோயில் கொடை. உச்சிப் படைப்பு நேரம். அண்ணாவி சாமியை அழைக்கிற வரத்துப்பாட்டைத் தொண்டை கிழியப் பாடுகிறார். சாமியாடுகிற கிழவர், ஊருக்கெல்லாம் பாட்டா, இடுப்பில் சல்லடம் கட்டி, மணி கட்டிய ஈட்டியான வல்லயத்தை ஊன்றி, கண்ணை மூடி நிற்கிறார். மச்சினனோ சொத்து சொத்தென்று தேங்காய் மட்டையைத் தல்லுகிற மாதிரி அடிக்கிறார். மாடன் வரவில்லை. பாட்டா நட்ட கம்பமாக நின்றவர், கடைசியில் வல்லயத்தைச் சுவரில் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

ஊரில் பாதிப் பேர் எங்களைத் திட்டினார்கள். மீதிப் பேர் பாட்டாவுக்கு வயதாகிவிட்டது, மாடனுக்கு இந்த மேல், இந்த உடம்பு, பிடிக்கவில்லை என்றார்கள். இரண்டாவது பேச்சுதான் நிலைத்தது. திட்டு வாங்கிய நாங்கள் அடுத்த ஊருக்குப் போய்விட்டோம். பாட்டா அங்கேதானே இருக்க வேண்டும்.

அடுத்த கொடைக்குச் சில மாதம் இருக்கும்போது அவர் அண்ணாவியைத் தேடி வந்தார். நான் அப்போது அண்ணாவி வீட்டு முற்றத்தில் குடத்துக்கு வைக்கோல் புரி சுற்றிக்கொண்டிருந்தேன். வந்தவர் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

"அண்ணாவி, ஊருல ஒரு தவண தந்திருக்கானுவ. இந்தக் கொடையிலயும் மாடன் எனக்க மேலுல வரல்லேன்னா, வல்லயத்த அந்தப் பயலுக்க கையில குடுக்கணுமாம்."

"எந்தப் பயலு?"

"எனக்க தங்கச்சிக்க மோன்தான். வேற ஆரு?"

மருமகனை எங்களுக்குத் தெரியும். ஆள் தேக்கு மரம். பக்கத்து ஊரில் கல்யாண பேண்டு சத்தம் கேட்டாலே இங்கே துள்ளத் தொடங்கிவிடுவான் என்று ஊரில் கேலி. ஆனால் கெட்டவன் இல்லை. மாமனும் மருமகனும் அந்தக் கொடையிலிருந்தே பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள்.

அண்ணாவி ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். பாட்டா விடவில்லை.

"நான் தேங்கா உரிச்சுப் பிழைக்கவன். வருஷம் முச்சூடும் என்னய எல்லாவனும் ஏலேன்னுதான் கூப்பிடுகான். அந்த ஒரு நாளுதான் கும்பிடுகான். முன்னயெல்லாம் பிள்ளையளுக்குப் பனி காச்சல்னா பெண்ணடிய எனக்க வீட்டு நடையில வந்து நிப்பாளுவ, விபூதி போட. இப்ப ஒருத்தி வரல்ல. பிள்ளையளுக்க சத்தம் இல்லாம எனக்க முற்றம் செத்துக் கெடக்கு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். நல்ல ஒரு உடுக்குக்காரனக் கொண்டு வாரும்."

அண்ணாவி சம்மதித்தார். பாட்டா போன பிறகு என்னைப் பார்த்து, "கேட்டியா? இனி ஆளு கெடைக்காம எவனும் வீட்டுல கெடந்து ஒறங்கப்பிடாது" என்றார். அப்படியாக நாங்கள் உடுக்கைக்காரன் தேடிப் புறப்பட்டோம்.

முதலில் குழித்துறையிலிருந்து ஒரு செண்டைக்காரர் வந்தார். ஆற்றின் அக்கரையில் நின்று அடித்தால் இக்கரையில் மாடு கயிற்றை அறுக்கும் என்று பெயர் வாங்கியவர். உடுக்கையைக் கையில் எடுத்துப் பார்த்தார், விளையாட்டுச் சாமான் போலத் திருப்பினார், பிறகு அடித்தார். நான் அடிக்கிற குடம் எனக்கே கேட்கவில்லை. அண்ணாவியின் வாய் அசைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, பாட்டு மட்டும் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. நிறுத்தச் சொல்லி அண்ணாவி கையைக் காட்டியதை அவர் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு இன்னும் ஏற்றினார். ஒரு வழியாக முடிந்தபோது அண்ணாவி, "ஓய், எனக்க பாட்டு கேட்டுதா?" என்றார்.

"பாட்டு எதுக்கு? கொட்டு போராதா?" என்றார் அவர், உண்மையாகவே சந்தேகம் கேட்கிற முகத்தோடு.

சாப்பாடு போட்டு பஸ் ஏற்றி அனுப்பினோம்.

அடுத்து நாகர்கோவிலில் பஜனைக்கு மிருதங்கம் வாசிக்கிற ஒருவர். மகா கெட்டிக்காரர். எப்போது பார்த்தாலும் தொடையில் விரலால் கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பார். உடுக்கையிலும் கணக்குப் போட்டார். கதையில் மாடன் இன்னும் பிறக்கவேயில்லை, இவர் தீர்மானம் வைத்து முடித்துவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார். மறுபடி தொடங்கினோம். மாடன் தவழ்வதற்குள் இன்னொரு தீர்மானம். அண்ணாவி வீசுகோலைக் கீழே வைத்துவிட்டு, "உமக்குப் பந்தி எதுக்காவது நேரமாச்சா?" என்று கேட்டார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கணக்குத் தெரியாதவர்களோடு வாசிக்க மாட்டேன் என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனார். போகும்போதும் விரல் தொடையில்தான் இருந்தது.

மூன்றாவது ஆள் மிஷன் கோயில் பேண்டில் டிரம் அடிக்கிற பையன். தங்கமான பிள்ளை. அடியில் ஒரு மயிரிழை பிசகாது. ஆனால் அவன் அடித்தால் மாடன் வேட்டைக்குப் போகிற இடம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் லெஃப்ட் ரைட் போட்டுக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. அதைக்கூட அண்ணாவி பொறுத்துக்கொண்டார். பழக்கினால் வளையும் என்றார். பையனுக்கு வேறு கவலை.

"அண்ணாச்சி, நான் இங்க வந்தேன்னு உபதேசியாருக்குத் தெரிஞ்சா வம்பு. ஓலைத் தட்டிக்குப் பின்னால இருந்து அடிக்கட்டா?"

"அடிச்சுக்கோ மக்கா" என்றார் அண்ணாவி.

"சாமி வந்து துள்ளும்போ எனக்குப் பேடியாச்சுன்னா ஓடலாமா?"

அண்ணாவி சிரித்துவிட்டார். பையனை அவன் வீடு வரைக்கும் சைக்கிளில் கொண்டுவிட்டது நான்தான். வழியெல்லாம் அவன் எனக்குக் கீர்த்தனை பாடிக் காட்டினான். குரல் அவ்வளவு இனிமை. பாடகனாகியிருக்க வேண்டியவன், யாரோ கையில் கம்பைக் கொடுத்துவிட்டார்கள்.

இந்த மூன்று பேரிடமும் ஒரே குறைதான் இருந்ததென்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. முதலாமவர் கூட்டத்தைப் பார்த்து அடித்தார். இரண்டாமவர் தன் விரலைப் பார்த்து அடித்தார். மூன்றாவது பையன் வாசலைப் பார்த்து அடித்தான். நீங்கள் ஆள் எடுக்கும்போது காதை மட்டும் தீட்டிக்கொண்டு உட்காருகிறீர்கள். அவன் கண் எங்கே நிற்கிறது என்றும் கொஞ்சம் பாருங்கள். அன்றைக்கு இது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

கொடை நெருங்கியபோது ஒருவர் துப்பு சொன்னார். குழித்துறைச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் கடையில் சிலோனிலிருந்து திரும்பி வந்த ஓர் ஆள் இருக்கிறார், அங்கே தோட்டத்துக் கோயில்களில் உடுக்கடித்தவர் என்று. போய்ப் பார்த்தோம். ஆளைப் பார்த்ததும் அண்ணாவிக்குப் பிடிக்கவில்லை. எண்ணெய் வழிகிற தலை, பூப்போட்ட சட்டை, கடைக்குள்ளேயும் தொப்பி. சிலோனிலிருந்து அவர் கொண்டுவந்த சொத்து அந்தத் தொப்பியும் 'ஓம்' என்கிற சொல்லும்தான். எதைக் கேட்டாலும் ஆமாம் என்பதற்கு "ஓம், ஓம்" என்பார்.

"உடுக்கு அடிப்பீரா?"

"ஓம். என்னப் போல அடிக்க இந்தக் கரையில ஆளில்ல."

"அடிச்சுக் காட்டும்."

"வெறும் வயித்துல நான் அடிக்கதில்ல."

புட்டும் பயறும் பழமும் வாங்கிக் கொடுத்தோம். சாப்பிட்டார். இன்னொரு குழாய் புட்டும் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, "ஆடுகது ஆரு?" என்று கேட்டார்.

"மாடன்" என்றார் அண்ணாவி.

"மாடன் இல்ல வே. மாடன் ஆருக்க மேலுல வருகாரு? வயசென்ன, ஆளு எப்பிடி?"

"அது உமக்கு எதுக்கு? உம்ம தொழிலு உடுக்குதானே, நாடி பாக்க வந்தீரா?"

ஆள் பூப்போட்ட சட்டையில் கையைத் துடைத்தார். உடுக்கையை எடுத்தார். சைக்கிள் கடைக்குள் பஞ்சர் ஒட்டக் காத்திருந்தவர்களெல்லாம் ஒரு சுற்று முடிவதற்குள் எழுந்து நின்றுவிட்டார்கள். என் கை என்னை அறியாமல் பக்கத்தில் இருந்த தகர டப்பாவில் தாளம் போட்டது. அண்ணாவி முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டார். வெளியே வந்ததும், "அடி கொள்ளாம், நல்ல அடிதான். ஆளுதான் சகிக்கல்ல" என்றார். நல்ல உடுக்கைக்காரனைப் பற்றி எங்கள் அண்ணாவி சொன்ன இந்தத் தீர்ப்பை நான் அதற்குப் பிறகு எத்தனையோ பேரிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

கொடை நாள் வந்தது. பங்குனி வெயில். ஓலைப் பந்தலுக்கு உள்ளேயே சூடு முகத்தில் அடித்தது. படைப்பு போட்டு, பந்தம் கொளுத்தி, ஊரே திரண்டு நின்றது. பாட்டா சல்லடம் கட்டி வந்து நின்றார். உடம்பு பாதியாகியிருந்தது. மூன்று நாள் விரதமாம், தண்ணீரும் அளந்துதான் என்று யாரோ சொன்னார்கள். எதிர்ப்பக்கம் ஆண்கள் கூட்டத்தின் முன்வரிசையில் மருமகன். அவனைச் சுற்றி அவன் கட்சிக்காரர்கள். மாடன் கிழவனைத் தொடாமல் மருமகனைத் தொட்டால் அந்த இடத்திலேயே வல்லயத்தை எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று தயாராகவே நின்றார்கள்.

அண்ணாவி வரத்துப்பாட்டைத் தொடங்கினார். சிலோன்காரர் தொப்பியைக் கழற்றி வைத்தார். அதுவே எனக்கு ஆச்சரியம். முதல் அடியிலேயே பந்தல் நிமிர்ந்தது. பாட்டு ஏற உடுக்கை ஏறிற்று, உடுக்கை ஏற நானும் ஏறினேன். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, பொய் சொல்லவில்லை. பாட்டாவின் தோள் நடுங்கியது. பெண்கள் குரவையிட்டார்கள். பாட்டா ஒரு துள்ளுத் துள்ளினார், வல்லயத்தின் மணி சிலம்பியது. "வந்தாச்சு, வந்தாச்சு!" என்று ஊர் ஆர்ப்பரித்தது. நான் மனதுக்குள் அந்தப் பூப்போட்ட சட்டைக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

அடுத்த துள்ளல் வரவில்லை. பாட்டா வல்லயத்தைப் பிடித்திருந்த விதம் மாறியிருந்தது. ஓங்குகிற பிடி இல்லை அது, ஊன்றுகோலைப் பிடிக்கிற பிடி. உதடு வெளுத்திருந்தது. வாயைத் திறந்து திறந்து மூச்செடுத்தார். அண்ணாவிக்கு இது தெரியாது, அவர் கண்ணை மூடிக்கொண்டு பாட்டின் உச்சியில் இருந்தார். வில்லில் கோல் வேகமெடுத்தது. எதிரே மருமகனுக்கு முழங்கால் உதறத் தொடங்கிவிட்டது. அவன் பற்களைக் கடித்துக்கொண்டு அடக்குவதைப் பார்த்தேன். அவனும் வேண்டுமென்று செய்யவில்லை, பாவம்.

அப்போது உடுக்கை இறங்கியது. ஏற வேண்டிய இடத்தில் சிலோன்காரர் அடியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்.

அண்ணாவி கண்ணைத் திறந்தார். அவர் பார்த்த பார்வையில் பச்சை ஓலை பற்றியிருக்கும். கோலை ஓங்கி, ஏத்து என்று காட்டினார். சிலோன்காரர் அவர் பக்கம் திரும்பவேயில்லை. அவர் கண் பாட்டாவின் மேல் இருந்தது, ஆடத் தொடங்கியதிலிருந்து அங்கேயேதான் இருந்தது. பிறகு ஒரு கணம் என்னைப் பார்த்து மோவாயைத் தூக்கினார். என்னோடு வருகிறாயா என்று கேட்கிற மாதிரி.

தலைவன் ஒரு பக்கம் இழுக்க, பக்கத்தில் இருப்பவன் இன்னொரு பக்கம் இழுக்க, நடுவில் நீங்கள் மாட்டிக்கொள்கிற நாள் இந்தத் தொழிலில் நிச்சயம் வரும். எனக்கு அன்றைக்கு வந்தது. குடம் வில்லுக்கு அடங்கியது. அதை மீறியவனை அடுத்த கொடைக்கு யாரும் அழைக்க மாட்டார்கள். நான் வில்லோடு போனால் உடுக்கை தனியாக நிற்காது, அடி மறுபடி ஏறும். ஏறினால் ஒன்று பாட்டா விழுவார், அல்லது மருமகன் துள்ளுவான். எதுவானாலும் கிழவரின் கதை அங்கேயே முடிந்தது. உடுக்கையோடு போனால் பாட்டு படுக்கும், சாமி வராது, அப்படியும் கிழவரின் கதை முடிந்ததுதான். யோசிக்க நேரம் ஏது? உயிரோடு இருக்கட்டும் என்று மட்டும் தோன்றியது. என் கை சிலோன்காரர் பக்கம் போய்விட்டது.

குடமும் உடுக்கையும் இறங்கிவிட்ட பிறகு அண்ணாவிக்கு இரண்டே வழி. தாளம் தப்பிப் பாட வேண்டும், அல்லது நிறுத்த வேண்டும். இரண்டையும் அவர் செய்யவில்லை. அப்போதுதான் அவரும் பாட்டாவின் முகத்தைப் பார்த்தார். வரத்துப்பாட்டில் கதையைப் பின்னால் திருப்பக் கூடாது என்பது சட்டம். நாங்கள் எப்போதோ தாண்டி வந்துவிட்ட இடத்துக்கு, மாடன் பச்சைப் பிள்ளையாகத் தொட்டிலில் கிடக்கிற இடத்துக்கு அவர் ஒரே தாவலில் போனார். தாலாட்டை எடுத்தார். அந்தக் குரலில் அவ்வளவு குழைவு இருக்கிறதென்று கூடவே இருந்த எனக்கே அன்றுதான் தெரியும்.

பாட்டாவின் முட்டு மடங்கியது. விழவில்லை, உட்கார்ந்தார். வல்லயத்தை மடியில் போட்டு, மணலில் காலை நீட்டி, பிள்ளைகள் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தார். தாலாட்டுக்குத் துள்ளுகிறவன் உலகத்தில் உண்டா? எதிரே மருமகனின் உதறல் அடங்கிவிட்டது.

ஊர்ப் பெரியவர் முன்னால் வந்து கைகூப்பி, "மாடா, ஆடாம இருந்துட்டியே. நாங்க என்ன குத்தம் செய்தோம்?" என்று கேட்டார்.

பாட்டா இரண்டு கையையும் மேலே தூக்கினார். "என்னய எடு" என்றார்.

ஒருவருக்கும் புரியவில்லை. பெரியவர் குனிந்தார். பாட்டா தலையை ஆட்டினார். கூட்டத்துக்குள் மருமகனைப் பார்த்தார்.

"நீ எடு."

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கிழவிதான் முதலில் சத்தம் போட்டாள். "எனக்க தம்புரானே, மாடன் பிள்ளையால்லா வந்திருக்காரு! தொட்டில்ல கெடந்து எடுக்கச் சொல்லுகாரு!" அவ்வளவுதான். குரவை பந்தலைத் தூக்கிவிட்டது. மருமகன் ஓடிவந்து மணலில் மண்டியிட்டு, மாமனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். கிழவருக்கு அவன் தலையைப் பிடித்துக்கொள்ள இரண்டு கையும் வேண்டியிருந்தது. அதனால் வல்லயத்தை அவன் கையில் கொடுத்தார். தோளில் மாடன், கையில் வல்லயம், அவன் கோயிலைச் சுற்றி வந்தான். யார் ஜெயித்தது, யார் தோற்றது என்று அவன் கட்சிக்காரர்களுக்கே சொல்ல வாயில்லை. எல்லாரும் சேர்ந்து குரவையிட்டார்கள். நாங்கள் தாலாட்டை நிறுத்தவில்லை. சிலோன்காரர் இப்போது மருமகனின் காலைப் பார்த்து அடித்தார்.

பந்தியில் அண்ணாவி என் பக்கத்து இலையில்தான் வந்து உட்கார்ந்தார்.

"ஏம்லே, எனக்க கோலு உனக்க கண்ணுல படல்லியா?"

"பட்டுது அண்ணாவி."

"பின்னே?"

"பாட்டாக்க மொகமும் பட்டுது."

தன் இலையில் இருந்த பழத்தை எடுத்து என் இலையில் வைத்தார். அதோடு எனக்கு விஷயம் முடிந்தது. சிலோன்காரரிடம் அப்படி முடியவில்லை. அண்ணாவி மனம் இளகி, "நல்ல காரியம் செய்தீரு" என்று சொல்லப்போக, அவர் எண்ணெய்த் தலையைத் தடவிக்கொண்டு, "ஓம். உங்க தாலாட்டும் மோசமில்ல. ஆனா கொஞ்சம் பிந்திப்போச்சு" என்றார். அண்ணாவி பாயசத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போனார். அந்த ஆளோடுதான் நாங்கள் அதற்குப் பிறகு வருஷக்கணக்காகக் கொட்டினோம். ஒவ்வொரு கொடையிலும் சண்டை. ஒரு கொடையிலும் அவரை விடவில்லை. நல்ல உடுக்கைக்காரனை வைத்திருப்பது என்றால் இதுதான் மக்களே, வேறு சுகமான வழி எதுவும் எனக்குத் தெரியாது.

அடுத்த வருஷம் அந்த ஊரில் மருமகன் ஆடினான். வல்லயத்தை யார் கொடுத்தது, எப்போது கொடுத்தது என்று எவரும் பஞ்சாயத்து வைக்கவில்லை. விபூதி போடுவது மட்டும் மாமன் என்று ஆகிவிட்டது. பிள்ளையாக வந்த மாடன் பிள்ளைகளுக்குத்தான் ரொம்ப விசேஷம் என்று பெண்கள் முடிவு கட்டிவிட்டார்கள். நாங்கள் கொடைக்குப் போய் இறங்கினால் பாட்டா வீட்டு முற்றத்தில் அழுகிற பிள்ளைகள் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. அவர் அதற்கு நடுவே கத்திக்கொண்டு, திட்டிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக உட்கார்ந்திருப்பார்.

அன்றைக்கு உண்மையிலேயே சாமி வந்ததா என்று உங்களில் ஒருவன் கேட்பான், எனக்குத் தெரியும். நானும் கேட்டேன். பாட்டா காலமான பிறகு ஒரு நாள் மருமகனிடம் கேட்டேன். அவனுக்கும் அப்போது தலை நரைத்திருந்தது. தோளில் தூக்கிக்கொண்டு கோயிலைச் சுற்றும்போது மாமன் காதில் ஏதாவது சொன்னாரா என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு மாமன் சொன்னதை மாமன் குரலிலேயே சொன்னான்:

"பைய நட மக்கா, எனக்குத் தலை சுத்துகு. கீழ மட்டும் எறக்கிராதே."